எந்திரத்துக்கு எண் எழுதும் கை

அயனம்பாக்கத்து ஏரிக்கரைக்கும், சுங்கப் பட்டியலின் 84ஆம் அத்தியாயத்துக்கும் என்ன உறவு என்று நான் கேட்டால், ‘இதென்ன விடுகதை?’ என்று நீங்கள் புன்னகை புரியக்கூடும். விடுகதை அல்ல தோழர்களே, நாம் பேசாமல் விட்ட கதை! மொழியைப் பேசினோம், கல்வியைப் பேசினோம், நிதிப் பங்கீட்டைப் பேசினோம். துறைமுகத்திலே வந்திறங்கும் ஓர் எந்திரத்துக்கு யார் எண் எழுதுகிறார், எங்கே அமர்ந்து எழுதுகிறார், அந்த எண் நம் ஊர்ப் பட்டறைக்காரனை என்ன பாடுபடுத்துகிறது என்பதை மட்டும், ‘அது வணிகர் கவலை, வழக்கறிஞர் வேலை’ என்று ஒதுக்கிவிட்டோம். ஒதுக்கத்தக்கதா அது? இன்று ஞாயிறு; ஓய்வு நாள். சற்றே பொறுமையுடன் என்னுடன் வாருங்கள்.

வானகரத்திலிருந்து அம்பத்தூர் நோக்கிச் செல்லும் சாலையிலே இருக்கிறது அயனம்பாக்கம். அதற்கு வடக்கே, 1964ஆம் ஆண்டு எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை. பேட்டை வளர்ந்தது, சுற்றுப்புறச் சிற்றூர்களும் அதனோடு சேர்ந்து வளர்ந்தன. வயல் இருந்த இடத்திலே வீடு, வீட்டின்மேல் மாடி, மாடியின்மேல் மாடி! வீடு எழும்பினால் நிலை வேண்டும், கதவு வேண்டும், அலமாரி வேண்டும், அடுக்களைக்கு அடுக்குப் பெட்டிகள் வேண்டும். எனவே தச்சுப் பட்டறை வேண்டும்.

அப்படியொரு பட்டறையை உங்கள் மனக்கண் முன்னே நிறுத்திக்கொள்ளுங்கள். உரிமையாளர் ஒருவர்; உடன் உழைப்போர் ஐந்து பேர். தந்தை காலத்து இழைப்புளியும் உளியும் சுவரிலே தொங்குகின்றன. ஆனால் வாடிக்கையாளர் கேட்பதோ, மயிரிழையும் பிசகாத ஒட்டுப்பலகை வேலை. அதுவும் பத்து நாளில்! கடல் கடந்து வரும் ஆயத்த அலமாரியோடு போட்டியிட வேண்டுமானால், கடல் கடந்த எந்திரம் ஒன்றும் வேண்டும். வங்கியிலே கடன் வாங்குகிறார். வீட்டாரின் நகையும் அடகுக்குப் போகிறது. தைவானிலிருந்தோ, செருமனியிலிருந்தோ மரம் அறுத்து, இழைத்து, துளையிடும் எந்திரம் ஒன்றைத் தருவிக்கிறார். கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சேர்கிறது. அங்கேதான், தோழர்களே, அந்தக் கேள்வி அவரை எதிர்கொள்கிறது: ‘இதற்கு என்ன எண்?’

உலக வாணிபத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. உலகச் சுங்க அமைப்பு வகுத்த அந்த ஒத்திசைந்த பட்டியல், 1988ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதற்கு முன்னரே, 1986இல், 1975ஆம் ஆண்டுச் சுங்கக் கட்டணச் சட்டத்தை அந்தப் பட்டியலுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டது. முதல் ஆறு இலக்கங்கள் உலகத்துக்குப் பொது. பின்னிரண்டு இலக்கங்கள் நாம் சேர்த்துக்கொண்டவை. மரம் வேலை செய்யும் எந்திரக் கருவிகளுக்கு உரிய தலைப்பு 8465. மரம் மட்டுமா? தக்கை, எலும்பு, கெட்டி ரப்பர், கெட்டி பிளாஸ்டிக் ஆகியவற்றைச் செதுக்கும் எந்திரங்களும், ஆணியடித்தும் பசையிட்டும் பொருத்தும் எந்திரங்களும் அதே தலைப்பின் கீழ்தான்.

‘ஒரே தலைப்புத்தானே, பிறகென்ன சிக்கல்?’ என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

அறுக்கும் எந்திரமானால் 8465.91. இழைக்கும் எந்திரமானால் 8465.92. தேய்த்து மெருகேற்றுவதாயின் 8465.93. துளையிடுவதாயின் 8465.95. மூன்று வேலையையும் ஒன்றே செய்தால்? வேலைக்கு வேலை கருவியை மாற்றாமலே செய்யுமாயின் 8465.10. கருவியைத் தன் அடுக்கிலிருந்து தானே எடுத்து மாற்றிக்கொண்டு, கணிப்பொறி இட்ட கட்டளைப்படி செய்யுமாயின், 2017ஆம் ஆண்டுத் திருத்தம் புதிதாய்ப் படைத்த 8465.20. அதே மரத்திலே ஒளிக்கற்றையால் கோலம் செதுக்கினால், 8465ஐயே விட்டுவிட்டு 8456க்குப் போக வேண்டும். மரத்தூளையும் நாரையும் அழுத்திப் பலகையாக்கும் அழுத்தியோ 8479.30!

இன்னும் இருக்கிறது வேடிக்கை. தனியே தருவித்த ரம்பத் தகடு எந்திரத்தின் உறுப்பு என்று நீங்களும் நானும் நினைப்போம். சட்டம் அப்படி நினைப்பதில்லை. அதை 82ஆம் அத்தியாயத்துக்கு அனுப்பிவிடும். உப்புத்தாள் பட்டை 68ஆம் அத்தியாயத்துக்குப் போகும். எந்திரத்துக்கென்றே வார்த்தெடுத்த உறுப்புகள் 8466இல் அடங்கும். எந்திரத்தோடு வந்த தூசு உறிஞ்சி அதனோடு சேர்ந்த ஒரே பொருளா, தனிப் பொருளா? அதற்குப் பதினாறாம் பிரிவின் குறிப்புகளைப் புரட்ட வேண்டும். எந்திரம் பாதி ஒரு பெட்டகத்திலும் பாதி மறு பெட்டகத்திலும் வந்தால், விளக்க விதிகளைத் தேட வேண்டும். எந்தத் தச்சருக்குத் தெரியும் இவ்வளவும்?

8465க்குள்ளே எந்தத் துணை எண்ணில் வைத்தாலும் அடிப்படைச் சுங்கவரி பொதுவாக 7.5 விழுக்காடுதான், அதை மறைக்க நான் விரும்பவில்லை. வழக்கு முளைப்பது வேலியோரத்திலே. எந்திரமா, உறுப்பா, கருவியா, வேறு தலைப்புப் பொருளா என்ற எல்லைக் கோட்டிலே விகிதம் மாறலாம். விலக்கு கிடைக்கலாம், கிடைக்காமற் போகலாம். தென்கிழக்காசிய நாடுகளுடன் செய்துகொண்டு 2010ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில், சலுகை பெறுவதற்கான பொது விதி என்ன தெரியுமா? மதிப்பில் குறைந்தது 35 விழுக்காடு அந்நாடுகளில் சேர்ந்திருக்க வேண்டும்; அத்துடன், மூலப்பொருளின் ஆறிலக்க எண்ணும் முடிந்த பொருளின் ஆறிலக்க எண்ணும் வேறுபட்டிருக்க வேண்டும். எண் பிசகினால் சலுகை போயிற்று!

கணக்கொன்று பார்ப்போம். எந்திரத்தின் மதிப்பு 10 இலட்சம் ரூபாய் என்று கொள்ளுங்கள். அடிப்படைச் சுங்கவரி 75,000. அதன்மீது பத்தில் ஒரு பங்கு, சமூக நலக் கூடுதல் வரி 7,500. இவ்விரண்டையும் சேர்த்த 10,82,500 ரூபாயின்மீது 18 விழுக்காடு ஒருங்கிணைந்த சரக்கு-சேவை வரி 1,94,850. ஆகமொத்தம் 2,77,350 ரூபாய்! கடைசியாகச் சொன்ன வரியைப் பின்னால் தன் வரிக் கணக்கிலே கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் சிறு தொழிலுக்கென வகுத்த இணக்க முறையிலே, விற்பனையில் 1 விழுக்காடு வரி கட்டிவரும் சிற்றுற்பத்தியாளருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஏற்றுமதி செய்வோருக்கோ, சேமித்த வரியைப்போல் ஆறு மடங்கு ஆறாண்டுகளில் ஏற்றுமதி செய்வதாக உறுதி தந்தால், மூலதன எந்திரம் சுங்கவரியின்றியே வருகிறது. பெரியவருக்குப் பெருவழி உண்டு. நம் ஊரிலே கதவும் அலமாரியும் செய்கிறவன் எங்கே ஏற்றுமதி செய்வான்?

சுங்கம் என்பது தமிழனுக்குப் புதிய சொல் அன்று, தோழர்களே! காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையிலே குவிந்த பொதிகளுக்குச் சோழனின் புலிப்பொறி இட்ட காட்சியைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. அரசுக்கு உரிய வருவாய்களுள் உல்கையும் ஒன்றாக வைத்தெண்ணியவர் வள்ளுவர். முதலாம் குலோத்துங்கனோ, ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றே பெயர் பெற்றான். அந்தப் பட்டினத்துப் புலிப்பொறியைப் பற்றி ஒன்று எண்ணிப் பாருங்கள். பொறி இட்டவன் பொதியின் அருகிலே நின்றான்; வணிகன் எதிரே நின்றான். ஐயம் எழுந்தால் அவிழ்த்துப் பார்த்திருப்பான். கேட்டால் விடை சொல்லியிருப்பான்.

இன்று? 2020ஆம் ஆண்டு சூன் 8ஆம் நாள் ‘முகமறியா மதிப்பீடு’ என்னும் புது முறை தொடங்கியது. எங்கே? சென்னையிலும் பெங்களூரிலும். எந்தப் பொருள்களுக்கு? முதன்மையாக, 84, 85ஆம் அத்தியாயப் பொருள்களுக்கு. ஆம், நம் எந்திரங்களுக்குத்தான்! அதே ஆண்டு அக்டோபர் இறுதிக்குள் இந்தியா முழுதும் பரவியது. சரக்கு சென்னையிலே இறங்கும். பெட்டகத்தைத் திறந்து பார்ப்பவர் சென்னை அலுவலர். எண்ணைச் சரிபார்த்து மதிப்பிடுபவரோ வேறெந்த நகரத்திலோ ஒரு திரையின்முன் அமர்ந்திருப்பவர்.

இந்த முறையிலே நன்மையே இல்லை என்று நான் வாதிடமாட்டேன். இன்னார் சரக்கு இன்னாரிடம் வரும் என்று தெரியாதபோது, கையூட்டுக்கு இடம் குறைகிறது. நாடெங்கும் ஒரே பார்வை ஏற்பட வழி பிறக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் முகம் மறைந்தபோது, எந்திரமும் அல்லவா கண்ணுக்கு மறைந்துவிட்டது! கருவியைத் தானே மாற்றிக்கொள்ளும் எந்திரமா, ஆள் மாற்ற வேண்டிய எந்திரமா என்பதை விலைப்பட்டியலிலே உள்ள இரண்டு வரி சொல்லுமா? ஐயத்துக்கு ஒரு வினா வரும். அதற்கு ஒரு விடை போகும். மீண்டும் ஒரு வினா வரும். நாள் ஓடும். பெட்டக நிலையத்து வாடகையோ நாளுக்கு நாள் ஏறும். பட்டறையிலே ஐந்து பேர் கைகட்டி நிற்பர். வங்கியின் வட்டி மட்டும் கைகட்டி நிற்காது!

‘பொருளுக்குப் பெயர் வைப்பதில் இவ்வளவு வழக்கா?’ என்று வியக்காதீர்கள். தக்காளி கனியா, காய்கறியா என்ற வழக்கு அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. கனியானால் வரி இல்லை. காய்கறியானால் வரி உண்டு. தாவர நூல் கனி என்கிறது. ஆனால் மக்கள் அதைச் சமையலுக்கு ஆக்குகிறார்கள், ஆகவே காய்கறியே என்று 1893இல் தீர்ப்பாயிற்று. நம் நாட்டிலே, 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்து நின்றது ஒரு மரப்பலகை! உட்ட் கிராப்ட் நிறுவனத்தின் வழக்கு அது. பிளாக் போர்டு எந்தத் தலைப்பில் அடங்கும் என்ற கேள்விக்கு, உலகப் பட்டியலின் விளக்கக் குறிப்புகளையே நம்பகமான வழிகாட்டியாகக் கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். அது சுங்க வழக்கன்று, உற்பத்தி வரி வழக்கு. எனினும் அந்த நெறி இன்றும் சுங்கத்துக்கு வழிகாட்டுகிறது.

அந்த விளக்கக் குறிப்புகளைப் படித்தவர் எத்தனை பேர்? அதிலும், 2011ஆம் ஆண்டு முதல், எண்ணை முதலில் எழுத வேண்டியவர் அலுவலர் அல்லர், இறக்குமதி செய்பவரே! தன்மதிப்பீடு என்று அதற்குப் பெயர். முகவர் ஒருவர் ஏதோ ஓர் எண்ணை எழுதுகிறார். தச்சர் கையொப்பம் இடுகிறார். சரக்கு வெளியே வந்துவிட்டது என்று நிம்மதி கொள்வதற்கில்லை. இரண்டாண்டுக்குள் கேள்வி வரலாம். ‘வேண்டுமென்றே மறைத்தாய்’ என்று குற்றம் சாட்டினாலோ, ஐந்தாண்டு வரையிலும் வரலாம். வரியும், ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியும், வரிக்கு ஈடான அபராதமும் சேர்ந்து வரலாம்.

பொருளை உள்ளபடி விவரித்துவிட்டு, ‘இது இந்தச் சலுகைக்கு உரியது’ என்று நம்பிக் கேட்பது பொய்யுரை ஆகாது என்று நார்தர்ன் பிளாஸ்டிக் வழக்கிலே 1998ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நல்ல நெறி! ஆனால் அந்த நெறியை நிலைநாட்டிக்கொள்ள நீதிமன்றம் வரை போக வேண்டுமே! 2018ஆம் ஆண்டு திலீப்குமார் நிறுவன வழக்கிலே ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சட்ட அமர்வு என்ன கூறியது? வரி விதிக்கும் சட்டத்திலே ஐயம் இருந்தால் பயன் குடிமகனுக்கு. வரி விலக்கு அறிவிப்பிலே ஐயம் இருந்தால் பயன் அரசுக்கு. எனவே, தெளிவற்ற சொல்லை எழுதியவர் தில்லியிலே. அந்தத் தெளிவின்மைக்கு விலை கொடுப்பவர் அயனம்பாக்கத்திலே!

பெரும் நிறுவனங்களுக்கும் இத்தொல்லை உண்டு. திருப்பெரும்புதூரிலே தொழிற்சாலை வைத்திருக்கும் சாம்சங் நிறுவனத்திடமும் அதன் நிர்வாகிகளிடமும், தொலைத்தொடர்புக் கருவி ஒன்றைத் தவறான எண்ணில் வகைப்படுத்தியதாகக் கூறி, ஏறத்தாழ 60 கோடி டாலர் கேட்டு 2025 சனவரியில் ஆணை பிறந்தது. நிறுவனம் அதை எதிர்த்து மும்பைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. அதற்கு வழக்கறிஞர் படை உண்டு. ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் வலு உண்டு. தச்சுப் பட்டறைக்கு எது உண்டு? ஒரே ஒரு நோட்டீஸ் போதுமே, பூட்டுப் போட!

இதற்கெல்லாம் மருந்து இல்லையா? இருக்கிறது, சட்டத்திலேயே இருக்கிறது. கப்பல் ஏறும் முன்பே, ‘என் எந்திரத்துக்கு எண் என்ன?’ என்று கேட்டு, அரசையும் தன்னையும் கட்டுப்படுத்தும் விடையைப் பெறலாம். முன்தீர்ப்பு என்பது அதன் பெயர். விண்ணப்பம் பெற்ற மூன்று மாதத்துக்குள் விடை தர வேண்டும் என்கிறது சட்டம். அதற்கான ஆணையங்கள் 2021ஆம் ஆண்டு சனவரியில் செயல்படத் தொடங்கின. எங்கெங்கே? ஒன்று தில்லியில், மற்றொன்று மும்பையில். விண்ணப்பக் கட்டணம் பத்தாயிரம் ரூபாய்.

சென்னைக்கு ஏன் இல்லை தோழர்களே? துறைமுகம் இங்கே இருக்கிறது; எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் மேலும் துறைமுகங்கள் இருக்கின்றன; இராசாசி சாலையிலே சுங்க இல்லம் இருக்கிறது; மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. முகமறியா மதிப்பீட்டைச் சோதித்துப் பார்க்கச் சென்னை தேவைப்பட்டது. முன்கூட்டியே விடை சொல்லும் ஆணையத்துக்கு மட்டும் சென்னை நினைவுக்கு வரவில்லை! சோதனைக்கு நாம், சொல்லுரிமைக்கு அவர்களா?

இங்கேதான் நமது இயக்கத்தின் அடிப்படைக் கொள்கை வந்து நிற்கிறது. சுங்கம், அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், முதற் பட்டியலின் 83ஆம் இனம். முழுக்க முழுக்க மத்திய அரசின் கையில். சரக்கு-சேவை வரிக்காவது ஒரு மன்றம் இருக்கிறது. அதன் குறைகளை நாம் அறிவோம். என்றாலும் அங்கே மாநில அமைச்சருக்கு ஒரு நாற்காலி உண்டு, ஒரு குரல் உண்டு, மூன்றில் இரு பங்கு வாக்கு மாநிலங்களுக்கு உண்டு. சுங்கத்துக்கு அப்படியொரு மன்றம் இல்லை. நாம் போட்ட கணக்கிலே 75,000 ரூபாய் அடிப்படை வரி இருந்ததே, அது மாநிலங்களுக்கும் பங்கிடும் தொகுப்புக்குள் வந்ததே 2000ஆம் ஆண்டின் 80ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தினால்தான். அந்த 7,500 ரூபாய்க் கூடுதல் வரியோ இன்றும் பங்கீட்டுக்கு வராது, தில்லியோடு நின்றுவிடும். 1969இல் இராசமன்னார் குழு அமைந்ததும், 1971இல் அது அறிக்கை தந்ததும், 1974இல் சட்டப்பேரவை சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியதும் ஏதோ ஏட்டுச் சுரைக்காய்க்காக என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. அவர்களை அந்தப் பட்டறைக்கு அழைத்து வாருங்கள். அதிகாரம் தொலைவிலே இருந்தால் உழைப்பவனுக்கு என்ன நேரும் என்பதை ஒரு நோட்டீசு விளக்கிவிடும்.

மாற்றார் கேட்பர்: ‘சுங்கவரியே வேண்டாம் என்கிறீர்களா? இந்தியாவிலே எந்திரம் செய்பவன் பிழைக்க வேண்டாமா? எண்ணை மாற்றி எழுதி ஏய்ப்பவனை விட்டுவிடவா?’ வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உள்நாட்டு எந்திரத் தொழிலுக்கு அரண் வேண்டும்; அதை அறியாதவர்கள் அல்லர் நாம். ஏய்ப்பவனைத் தண்டியுங்கள், தடுக்கவில்லை. நாட்டுக்கு நாடு சுங்க எல்லை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதையும், துறைமுகத்துக்கு ஒரு விகிதம் வைக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். நாம் கேட்பது வேறு: விதி ஒன்றாக இருக்கட்டும், விடை அருகிலே கிடைக்கட்டும்! தெரியாமல் தவறியவனும் தெரிந்தே ஏய்த்தவனும் ஒரே கூண்டில் நிற்க வேண்டாம்!

ஆகவே நமது கோரிக்கைகள் நான்கு. சென்னையில் முன்தீர்ப்பு ஆணையம் ஒன்று வேண்டும். சிறு தொழிலுக்கு அதன் கட்டணம் பெயரளவுக்கே இருக்க வேண்டும். மரவேலை எந்திரம் போன்று சிறு பட்டறைகள் மிகுதியாகத் தருவிக்கும் பொருள்களுக்கு, படத்துடன், தமிழிலே, ‘இதற்கு இந்த எண்’ என்று விளக்கும் கையேட்டைச் சுங்கத்துறையே வெளியிட வேண்டும். பொருளை உள்ளபடி விவரித்தவரின் எண் பிசகினால், வரியை வாங்கிக்கொள்ளட்டும். ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லைச் சான்றின்றி எடுத்தாளக் கூடாது.

பேராசையா இது? விண்ணைக் கேட்டோமா? வில்லங்கம் கேட்டோமா? விளக்கம்தானே கேட்கிறோம்!

தோழர்களே! நமது நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையிலே எழுப்பட்டும். நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. உங்கள் வட்டத்திலே இருக்கும் பட்டறைகளுக்குச் சென்று வாருங்கள். அம்பத்தூரில், ஆவடியில், பூவிருந்தவல்லியில், அயனம்பாக்கத்தில், எந்திரம் தருவித்தவர்களைக் கண்டு, என்ன எண் எழுதினார்கள், எத்தனை நாள் காத்திருந்தார்கள், எவ்வளவு வாடகை கட்டினார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். மேடையிலே நாம் முழங்கும் ஆயிரம் சொல்லைவிட, அந்த ஏட்டிலே நீங்கள் குறித்துவரும் பத்து வரி தில்லியிலே அழுத்தமாகப் பேசும்.

இழைப்புளி பிடித்த கை ஏமாறாதிருக்க வேண்டுமானால், எண் எழுதும் கை அதன் கண்ணுக்கு எட்டும் தொலைவிலே இருக்க வேண்டும். அந்தத் தொலைவைக் குறைப்பதற்குத்தான், தோழர்களே, சுயாட்சி என்று பெயர்!